கேள்வி பதில்: சுருட்டி வச்ச எஃகுக் குழாய்

போன இதழ்ல கடல்ல எண்ணெய் எடுக்கிற பிளாட்ஃபார்ம் வேலைகளப் பத்தி எழுதுனப்போ, காயில்டு டியூபிங்னு ஒண்ணு இருக்கு, மைல் கணக்குல நீளமான ஒரே எஃகு பைப்ப பெரிய ரீல்ல சுத்தி வச்சு கிணத்துக்குள்ள இறக்குவாங்கன்னு ஒரே ஒரு பத்தி போட்டிருந்தேன். அந்தப் பத்திக்குத்தான் இந்தத் தடவ எல்லாரும் கேள்வி அனுப்பியிருக்கீங்க. கோலாலம்பூர்ல இருந்தும் பினாங்குல இருந்தும் வந்ததுல பொதுவா எல்லாருக்கும் உதவுறத எடுத்து பதில் சொல்றேன். நான் இந்தத் தொழில்ல இருந்தவன், இந்தப் பைப் மேல எனக்கு தனிப் பிரியம் உண்டு, அதனால சில பதில் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

செந்தூல்ல இருந்து ஒரு பொலிடெக்னிக் தம்பி: ஐயா, கிணறு தோண்டுறப்ப 30 அடி பைப்ப ஒண்ணோட ஒண்ணு திருகி மாட்டித்தானே இறக்குறாங்க? அப்புறம் எதுக்கு இந்த சுருட்டுற பைப்?

தோண்டுறப்ப அப்படித்தான் தம்பி. ஆனா தோண்டி முடிச்சு எண்ணெய் வர ஆரம்பிச்ச கிணத்துக்கு பல வருஷம் கழிச்சு வைத்தியம் பாக்கணும். அடியில மணல் அடைச்சிருக்கும், எண்ணெய் உள்ள வர்ற ஓட்டைகள்ல மெழுகு படிஞ்சிருக்கும், தண்ணி ஏறி எண்ணெய் மேல வர முடியாம நிக்கும். அந்த நேரத்துல மாட்டி மாட்டி இறக்குற பைப்ப கொண்டு வந்தா பெரும்பாலும் முதல்ல கனமான திரவத்த ஊத்தி கிணத்த அடக்கணும், சில கிணறு அப்படி அடக்குனதுக்கு அப்புறம் பழைய மாதிரி ஓடவே ஓடாது. அதோட ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் நிறுத்தணும், நிறுத்துற நேரத்துல பம்ப் பண்ண முடியாது, மேல தூக்கிட்டு வந்த மணல் திரும்ப கீழ விழுந்துடும்.

சுருட்டுன பைப்ல ஜாயிண்டே இல்ல. இறக்கிக்கிட்டே பம்ப் பண்ணலாம், ஏத்திக்கிட்டே பம்ப் பண்ணலாம், கிணறு அழுத்தத்தோட உயிரா இருக்கும்போதே உள்ள போகலாம், ஏன்னா பைப்ப சுத்தி ரப்பர் சீல் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு ஸ்டிரிப்பர்னு பேரு. ரீல்ல இருந்து வர்ற பைப் கூஸ்நெக்னு ஒரு வளைஞ்ச தாங்கி மேல ஏறி, நேரா கீழ இன்ஜெக்டர்னு ஒரு மெஷினுக்குள்ள போகும், அதுல ரெண்டு பக்கமும் சங்கிலி சுத்தும், சங்கிலியில இருக்கிற கிரிப்பர் பிளாக் பைப்ப கவ்வி கீழ தள்ளும், இல்லன்னா மேல இழுக்கும். இந்த மூணு பேரையும் ஞாபகம் வச்சுக்குங்க, ரீல், கூஸ்நெக், இன்ஜெக்டர், பின்னாடி வர்ற எல்லா பதிலுக்கும் தேவைப்படும்.

வரலாறும் கொஞ்சம் சொல்லிடறேன். 1944ல நேச நாட்டுப் படை பிரான்ஸ்ல இறங்குனப்போ இங்கிலாந்துல இருந்து கடலடியில எரிபொருள் அனுப்ப புளூட்டோன்னு ஒரு திட்டம் போட்டாங்க, அதுல ஒரு வகை 3 இஞ்ச் உள்விட்டம் உள்ள எஃகு பைப், வெல்டு பண்ணி நீளமாக்கி, கடல்ல மிதக்கிற பிரமாண்ட ட்ரம்ல சுத்தி, இழுத்துட்டுப் போய் விரிச்சாங்க. எஃகு பைப்ப சுத்தி மறுபடி நேராக்கலாம்னு அவ்வளவு பெரிய அளவுல காமிச்சது அதுதான். எண்ணெய்க் கிணத்துக்குன்னு முழுசா வேலை செஞ்ச முதல் யூனிட் 1962ல வந்துச்சு, கலிஃபோர்னியா ஆயில் கம்பெனியும் போவன் டூல்ஸும் சேர்ந்து பண்ணாங்க, கிணத்துல அடைச்ச மணல கழுவி எடுக்கத்தான். பைப் 1.315 இஞ்ச், நீளம் 15,000 அடி, 50 அடி துண்டு துண்டா வெல்டு பண்ணது. இன்னைக்கு 1 இஞ்ச்ல இருந்து 3 1/2 இஞ்ச் வரைக்கும், அதுக்கு மேலயும் கிடைக்குது. நம்ம நாட்டுல 1910ல மீரியில முதல் கிணறு ஓட ஆரம்பிச்சதுல இருந்து பாத்தா சரவாக், சபா, திரங்கானு கடல்ல வயசான கிணறுங்க நிறைய, அதனால இந்த வேலைக்கு இங்க தேவை இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: எஃகு பைப்ப எப்படிங்க சுத்துறாங்க? சுத்துனது திரும்ப நேராவுமா? உடையாதா?

உடையும். எப்ப உடையும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பைப்ப ஓரங்கட்டுறதுதான் இந்தத் தொழிலோட பாதி வேலை.

எந்த எஃகுக்கும் ஒரு எல்லை இருக்கு, அது வரைக்கும் வளைச்சு விட்டா பழைய நிலைக்கு தானா திரும்பிடும், அந்த எல்லையத் தாண்டுனா வளைஞ்சது வளைஞ்சதுதான், திரும்ப நேராக்க எதிர்ப்பக்கமா வளைக்கணும். 80,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தன பவுண்டுன்னு கணக்கு) பலம் உள்ள எஃகு கிட்டத்தட்ட 0.27 சதவீதம் நீளும்போதே அந்த எல்லையத் தொட்டுடும். இப்ப 2 இஞ்ச் பைப்ப எடுத்துக்குங்க, பைப்போட பாதி விட்டம் 1 இஞ்ச், கூஸ்நெக்கோட ஆரம் 72 இஞ்ச்னு வைங்க, ஒண்ண 72ஆல வகுத்தா வெளிப்பக்கம் இழுபடுறது 1.4 சதவீதம். 8 அடி விட்டம் உள்ள ரீல்ல சுத்துனா 2 சதவீதத்துக்கும் மேல. அதாவது எல்லையத் தாண்டி அஞ்சு மடங்கு, எட்டு மடங்கு போயாச்சு. எல்லைக்குள்ளயே சுத்தணும்னா அந்த 2 இஞ்ச் பைப்புக்கு ரீல் விட்டம் 62 அடி வேணும், அத எந்த ரோட்டுலயும் கொண்டு போக முடியாது, எந்த பிளாட்ஃபார்ம்லயும் வைக்க முடியாது. அதனால இது தெரிஞ்சே எடுத்த முடிவு. மத்த டிசைன் பெரும்பாலானதுல இன்ஜினியருங்க இந்த எல்லைக்கு உள்ளயே இருக்கத்தான் பாடுபடுவாங்க, இந்தப் பைப்போ ஒவ்வொரு தடவையும் அதத் தாண்டிப் போயிட்டு வரணும்னே செஞ்சது.

கட்டடத்துல இரும்பு கட்டுற கட்டுக்கம்பிய கையில எடுத்து முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்க, ஒரு நாலஞ்சு தடவ ஒண்ணும் ஆகாது, அப்புறம் பட்டுனு போயிடும். பைப்புக்கும் அதே கதைதான். உள்ள போறப்ப ரீல்ல இருந்து பிரிஞ்சு நேராகும், அது ஒண்ணு, கூஸ்நெக்ல வளையும், ரெண்டு, இன்ஜெக்டருக்குள்ள நேராகும், மூணு. வெளிய வர்றப்ப இதே மூணு தலைகீழா. ஒரு தடவ உள்ள போயிட்டு வந்தா ஆறு. ஒரே இடத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருந்தா அந்த இடம் மட்டும் இன்னும் வேகமா கிழமாகும், மணல் அள்ளுறப்ப இது அடிக்கடி நடக்கும், ஆப்பரேட்டர் கவனமா இருக்கணும்.

உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னா, வளையுற ஒவ்வொரு தடவையும் எஃகோட படிக அடுக்குங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குது, முழுசா பழைய இடத்துக்கு வர்றதில்ல, அந்த சேதம் சேர்ந்துக்கிட்டே வந்து ஒரு இடத்துல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பா மாறுது, பெரும்பாலும் பைப்போட உள் சுவர்ல. வெளிய இருந்து தடவிப் பாத்தா வழுவழுன்னு புதுசாத்தான் இருக்கும்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு, இன்ஜினியரிங் மாணவி: 70, 80, 90, 100, 110னு கிரேடு இருக்குன்னு படிச்சேன். அப்ப எப்பவுமே 110 வாங்கிட்டா பிரச்சன இல்லையே அண்ணே?

நல்ல கேள்விமா, இத வேலைக்குப் போன பல பேரே கேக்காம விட்டுடுவாங்க.

அந்த நம்பர் எல்லாம் குறைஞ்சபட்ச பலம், ஆயிரம் பிஎஸ்ஐ கணக்குல. ஏபிஐ 5எஸ்டின்னு 2010ல வந்த தர நிர்ணயத்துல சிடி70ல இருந்து சிடி110 வரைக்கும் இருக்கு. அடிப்படை எஃகு கார்பன் கம்மியான வகை, மாங்கனீஸ், சிலிக்கான், கொஞ்சம் குரோமியம், காப்பர், நிக்கல் சேர்த்தது. கார்பன் ஏத்துனா சுலபமா பலம் கூடும், ஆனா வெல்டு நொறுங்கும், வளையுற குணம் போயிடும், அதனால மத்த உலோகங்கள துளித்துளியா சேர்த்து, மணி அளவ சின்னதாக்கி பலத்த ஏத்துறாங்க. மணின்னு சொன்னது எஃகுக்குள்ள இருக்கிற படிகத் துகள்கள, அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு பலம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். உள்ள அழுத்தம் இல்லாம சும்மா வளைச்சு நிமித்துனா கிரேடுக்கு கிரேடு ஆயுள்ல பெரிய வித்தியாசம் தெரியாது. அழுத்தம் ஏறுனாத்தான் கதை மாறுது. 2 இஞ்ச் பைப், சுவர் 0.156 இஞ்ச், 80 கிரேடு, இது உள்ளழுத்தத்துக்கு கணக்குப்படி சுமார் 12,500 பிஎஸ்ஐ வரைக்கும் நிக்கணும். ஆனா 5,000 பிஎஸ்ஐ உள்ள வச்சு கூஸ்நெக்ல வளைச்சா பைப் கொஞ்சம் கொஞ்சமா பெருக்கும். பாதிகூட இல்லாத அழுத்தத்துல எப்படி பெருக்கும்னு கேப்பீங்க. வளையுற அந்த நொடியில எஃகு ஏற்கனவே எல்லையத் தாண்டி ஓடுற நிலையில இருக்கு, நீளவாக்குல இழுபட்டு ஓடுற உலோகத்த உள்ள இருக்கிற அழுத்தம் வெளிப்பக்கமா ஒரு சின்னத் தள்ளு தள்ளுது, எதிர்த்து நிக்க அதுக்கு மிச்ச பலம் இல்ல, போயிடுது. அடுத்த வளைவுல இன்னொரு தள்ளு. திரும்பி வர்றது கிடையாது. உலோகத்தோட மொத்த கனஅளவு மாறாது இல்லையா, அதனால விட்டம் பெருக்கப் பெருக்க சுவர் மெலிசாகும், மெலிசான சுவர் இன்னும் சீக்கிரம் பெருக்கும். இதத்தான் பலூனிங்னு சொல்லுவாங்க. பெருத்த பைப் ஸ்டிரிப்பர்ல சிக்கும், கிரிப்பர் பிளாக் சரியா உக்காராம பைப்ப கடிச்சு காயம் பண்ணும், வெடிப்பு வர்றதுக்கு முன்னாடியே விட்டத்துக்காகவே பைப்ப ஓரங்கட்ட வேண்டி வரும்.

இங்கதான் பெரிய கிரேடு கை குடுக்கும். அதே 5,000 பிஎஸ்ஐ, 110 கிரேடுக்கு அதோட பலத்துல சின்னப் பங்கு, 70 கிரேடுக்கு பெரிய பங்கு. அதனால ஆழமான, அழுத்தம் கூடுன கிணத்துக்கு 100, 110 எடுத்தா ஆயுள் தெளிவா கூடும்.

ஆனா கிணத்துல ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு இருந்தா எல்லாம் தலைகீழ். அழுகுன முட்டை நாத்தம் வருமே அதே வாயு, கூடிப்போனா மூக்குக்கு நாத்தமே தெரியாம ஆளயே கொன்னுடும், அது தனி ஆபத்து. பைப்புக்கு என்ன பண்ணும்னா, ஈரத்தோட சேர்ந்து எஃகு மேல்பரப்புல ஹைட்ரஜன் அணுவ உண்டாக்கும், சின்ன அணு, எஃகுக்குள்ள நுழைஞ்சுடும், கெட்டியான எஃகா இருந்தா உள்ள போன ஹைட்ரஜன் அத கண்ணாடி மாதிரி வெடிக்க வச்சுடும், தேய்மானம் துரு ஒண்ணுமே இல்லாம திடீர்னு. எண்ணெய்த் துறையில பின்பத்துற நேஸ் எம்ஆர்0175ன்னு ஒரு தர விதியில கார்பன் எஃகுக்கு ராக்வெல் சி 22ன்னு ஒரு கெட்டித்தன எல்லைய பொதுவா வச்சிருக்காங்க. பலம் கூடக் கூட கெட்டித்தனமும் கூடும், 110 அந்த எல்லைக்கு மேல. அதனால அந்த மாதிரி கிணத்துக்கு 70, 80 பக்கம் இறங்கி வந்து, பாதுகாப்பு ரசாயனம் கலந்து, கவனமா வேலை பாக்குறதுதான் வழி. எந்தக் கிணறுன்னு கேக்காம கிரேடு சொல்ற ஆள நம்பாதீங்கமா.

பிறை, வெல்டர்: நான் டிக் வெல்டிங் பண்றவன். அவ்வளவு நீள பைப்ப எப்படி செய்றாங்க? நடுவுல ஒடைஞ்சா வெல்டு பண்ணி சேத்துக்கலாம்தானே?

ஃபேக்டரியில ஆரம்பிக்கிறது தகடுதான். சூட்டுல உருட்டுன அகலமான எஃகுத் தகட்டுச் சுருள நீளவாக்குல பட்டை பட்டையா வெட்டுவாங்க, 2 இஞ்ச் பைப்புக்கு பட்டை சுமார் 6 இஞ்ச் அகலம். ஒரு பட்டை ஆயிரம் அடிக்கு மேல வரும், ஆனா தேவை 15,000, 20,000 அடி, அதனால பட்டையோட பட்டைய சேக்கணும். இங்க ஒரு அழகான வேலை இருக்கு, உங்கள மாதிரி வெல்டருக்கு உடனே புரியும். நேர் குறுக்கா வெல்டு பண்ணா பைப்பானதுக்கு அப்புறம் அந்த வெல்டு ஒரே இடத்துல வளையமா நிக்கும், வளையுறப்ப முழு வெல்டும் ஒரே நேரத்துல அடி வாங்கும். அதனால பட்டையோட முனைய 45 டிகிரி சாய்வா வெட்டி வெல்டு பண்றாங்க. அத உருட்டி பைப்பாக்குறப்போ அந்த சாய்ந்த வெல்டு பைப்ப சுத்தி திருகு மாதிரி ஓடும், ஒரு குறுக்கு வெட்டுல பாத்தா வெல்டு கொஞ்சூண்டுதான் இருக்கும், மத்ததெல்லாம் நல்ல எஃகு. தட்டையா இருக்கிறப்பவே வெல்டு பண்றதால மேல கீழ ரெண்டு பக்கமும் மழிச்சு, சூடு காட்டி, எக்ஸ்ரே எடுத்து பாத்துக்கலாம். அப்புறம் பட்டைய ரோலருங்க நடுவுல விட்டு வட்டமாக்கி, ரெண்டு ஓரத்தையும் ஹை ஃபிரீக்வன்சி மின்சாரத்துல சூடாக்கி அமுக்குவாங்க, கம்பி எதுவும் ஊத்துறதில்ல. பழைய முறையில அந்த நீளவாட்டு வெல்ட மட்டும் தனியா சூடு காட்டுவாங்க. இப்ப டெனாரிஸ் மாதிரி கம்பெனிங்க முழு பைப்பையும் செஞ்சு முடிச்சதுக்கு அப்புறம் சூடாக்கி, குளிர வச்சு, மறுபடி மிதமா சூடு காட்டுறாங்க, இதனால வெல்டுக்கும் மத்த இடத்துக்கும் குணம் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுது. என் கணக்குல இந்தத் தொழில்ல நடந்த பெரிய முன்னேற்றங்கள்ல இது ஒண்ணு, ஏன்னா பெரிய கிரேடுல வெல்டு பக்கத்து இடந்தான் முன்னாடியெல்லாம் முதல்ல போகும்.

உங்க ரெண்டாவது கேள்விக்கு, சேக்கலாம், சேக்குறாங்க. ஆனா பைப்பானதுக்கு அப்புறம் சைட்ல பண்ற வெல்டு குறுக்கு வெல்டு, உள்பக்கம் கை போகாது, வேர்ப் பகுதியில சின்ன மேடு இருந்தாக்கூட அங்கதான் அழுத்தம் கூடும். கை எவ்வளவு நல்லா ஓடுனாலும் அந்த இடத்துக்கு நல்ல பைப்போட ஆயுள்ல பாதி, இல்ல அதுக்கும் கீழதான் கணக்கு வைப்பாங்க. ஒரு ஸ்டிரிங்ல, அதாவது ரீல்ல சுத்துன முழு பைப்புல, எங்க குறுக்கு வெல்டு இருக்குங்கிறது எழுத்துல இருக்கணும், அந்த இடம் கூஸ்நெக் மேல நிக்காத மாதிரி வேலையத் திட்டம் போடணும். நல்ல டிக் கை உள்ளவங்களுக்கு இதுல மதிப்பு இருக்கு அண்ணே, தனியா டெஸ்ட் எடுத்து தகுதி வாங்கணும், விசாரிச்சுப் பாருங்க.

பட்டர்வொர்த், லோரி ஓட்டுனர்: ஒரு ரீல் எவ்வளவு கனம்? முழு பைப்பும் ஒரே தடிப்பா?

2 இஞ்ச், 0.156 சுவர், 15,000 அடி, எஃகு மட்டும் 21 டன் பக்கம் வரும். ரீலோட இரும்புக் கூடு தனி. உள்ள தண்ணி நிறைஞ்சிருந்தா அதுவே இன்னொரு 6 1/2 டன், அதனால தூக்குறதுக்கு முன்னாடி உள்ள காலியான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. கடல்ல பழைய பிளாட்ஃபார்ம்ல க்ரேன் தூக்குற அளவுதான் பல தடவ பைப்போட சைஸையே முடிவு பண்ணும், கிணத்துக்கு 2 3/8 நல்லதுன்னு தெரிஞ்சும் 1 1/2ஐ கொண்டு போவாங்க, இல்லன்னா ரெண்டு ரீலா கொண்டு போய் மேல சேப்பாங்க.

தடிப்பு ஒண்ணா இருக்கணும்னு இல்ல. யோசிங்க, கிணத்துல தொங்குற பைப்போட முழு கனத்தையும் தாங்குறது மேல இருக்கிற பகுதி, அடிமுனை எதையும் தாங்கல. 80 கிரேடு பைப்ப ஒரே தடிப்புல காத்துல தொங்கவிட்டா 23,500 அடி பக்கத்துல தன் கனத்துலயே அதோட எல்லைக்கு வந்துடும், சுவர தடிப்பாக்கி பிரயோஜனமில்ல, தடிப்பு கூடுனா கனமும் அதே விகிதத்துல கூடும். திரவத்துக்குள்ள மிதப்பு கொஞ்சம் உதவும், ஆனா பாதுகாப்புக்காக எல்லையில 80 சதவீதத்துக்கு மேல இழுக்காம பாத்துக்குவாங்க. இதுக்குத்தான் வெளிவிட்டம் மாறாம உள்சுவர் மட்டும் மேல போகப் போக தடிச்சுக்கிட்டே போற மாதிரி செய்றாங்க, உதாரணத்துக்கு அடியில 0.125, மேல 0.175. வெளிவிட்டம் ஏன் மாறக் கூடாதுன்னா ஸ்டிரிப்பரும் கிரிப்பர் பிளாக்கும் ஒரு சைஸுக்குத்தான் செஞ்சது.

படுக்கைவாட்டுக் கிணத்துல வேற பிரச்சன, அங்க இழுக்குறத விட தள்ளுறதுதான் கஷ்டம், தள்ளத் தள்ள பைப் முதல்ல பாம்பா நெளியும், அப்புறம் கிணத்துச் சுவர்ல திருகு மாதிரி சுத்திக்கும், அதுக்கு மேல நீங்க மேல எவ்வளவு தள்ளுனாலும் அடிமுனை அசையாது. பருமன் கூடுன பைப் இதுக்கு நல்லா தாங்கும். மறுபடி க்ரேன் குறுக்க வரும்.

செராஸ் வாசகர்: துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ்லயே செஞ்சா என்ன? டைட்டானியம்?

செஞ்சிருக்காங்க. 16 சதவீத குரோமியம் உள்ளதும் உண்டு, டைட்டானியமும் உண்டு. கிணத்துக்குள்ளயே வருஷக்கணக்கா விட்டு வைக்கிற பைப்புக்கு அந்த விலை நியாயம். தினமும் வளைஞ்சு நிமிந்து கொஞ்ச நாள்ல ஓரங்கட்டப் போற பைப்புக்கு யாரும் குடுக்க மாட்டாங்க.

கெப்போங், ஒரு அம்மா: என் மகன் கெர்த்தே பக்கம் போய் இந்த காயில்டு டியூபிங் குழுவுல சேந்திருக்கான். அது வெடிக்கும்னு சொல்றாங்க, ராத்திரி தூக்கம் வரல.

அம்மா, பயப்படாதீங்கன்னு வெறுமனே சொல்ல மாட்டேன், என்ன நடக்கும்னு சொல்றேன், தெரிஞ்சா மனசு கொஞ்சம் தெளியும்.

சோர்ந்துபோன பைப் பெரும்பாலும் முதல்ல ஊசி முனை அளவு ஓட்டையாத்தான் காமிக்கும். உள்ள அழுத்தம் இருக்கிறதால திரவம் மெல்லிசா பீச்சும், பாத்த உடனே பம்ப நிறுத்திடுவாங்க. ஆனா அந்தப் பீச்சுல வர்றது ஆசிடாவோ நைட்ரஜனாவோ இருக்கலாம், அழுத்தமும் அதிகம், அதனால பம்ப் ஓடுறப்ப ரீலுக்கும் கூஸ்நெக்குக்கும் நடுவுல, பைப்புக்குக் கீழ யாரும் நிக்கக் கூடாது. கிணத்துப் பக்கத்துல ஸ்டிரிப்பருக்குக் கீழ பிஓபின்னு ஒரு அடுக்கு இருக்கு, பைப்ப கவ்விப் பிடிக்க ஒண்ணு, சுத்தி அடைக்க ஒண்ணு, தேவைப்பட்டா பைப்பையே வெட்ட ஒண்ணு, கடைசியா கிணத்த முழுசா மூட ஒண்ணு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அத டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும்.

மகன் போன் பண்றப்போ சாப்டியான்னு கேட்டதுக்கு அப்புறம் இதையும் கேளுங்க: இந்த ஸ்டிரிங்கோட ஆயுள்ல எவ்வளவு சதவீதம் ஓடியிருக்கு, நீ வேலை நேரத்துல எங்க நிக்கிற? முதல் கேள்விக்கு அவங்க சூப்பர்வைசர் உடனே பதில் சொல்லணும், சொல்ல முடியற எடத்துல உங்க மகன் இருந்தா நல்ல எடத்துல இருக்கார்னு அர்த்தம். சொல்ல முடியலன்னா அவர் கேட்டது தப்பில்ல, வேலைய நிறுத்தி கேக்குற உரிமை அங்க கடைசியா சேந்த ஆளுக்கும் உண்டு.

ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர், சின்ன கான்ட்ராக்டர்: பழைய ஸ்டிரிங் ஒண்ணு பாதி விலைக்கும் கீழ வருது. பாக்க நல்லா இருக்கு, பிரஷர் டெஸ்டும் பாஸ். வாங்கலாமா?

அதோட ரெக்கார்ட் வருதான்னு நீங்க எழுதல, எனக்கு அதுதான் முதல்ல தெரியணும்.

முன்னாடியெல்லாம் மொத்தம் எத்தன அடி ஓடுச்சுன்னு மட்டும் கூட்டி வச்சு, ஒரு அளவு வந்ததும் தூக்கிப் போட்டுடுவாங்க. அது சரியான கணக்கு இல்ல, ஏன்னா அழுத்தம் இல்லாம ஓடுன அடியும் 5,000 பிஎஸ்ஐயோட ஓடுன அடியும் ஒண்ணு கிடையாது, அழுத்தம் இல்லாம நூத்துக்கணக்கான வளைவு தாங்குற பைப் அழுத்தத்தோட அதுல ஒரு சின்னப் பங்குதான் தாங்கும். இப்ப சாஃப்ட்வேர் பைப்ப துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டும் எத்தன தடவ, எந்த ஆரத்துல, எவ்வளவு அழுத்தத்தோட வளைஞ்சுதுன்னு கணக்கு வைக்குது. அமெரிக்காவுல டல்சா பல்கலைக்கழகம் மாதிரி எடங்கள்ல மெஷின்ல பைப்ப வளைச்சு வளைச்சு உடையுற வரைக்கும் சோதிச்ச கணக்குங்க இதுக்கு அடிப்படை. நீங்க சொன்ன பிரஷர் டெஸ்ட் இன்னைக்கு ஓட்டை இல்லன்னு மட்டும் சொல்லும். பத்துல ஒன்பது பங்கு ஆயுள் போன பைப்பும் பாஸாகும்.

அடுத்து துரு. நம்ம ஊரு ஈரக்காத்து, கடலோர உப்பு, ரெண்டும் பைப்புக்கு எதிரி. வேலை முடிஞ்சதும் உள்ள தண்ணிய விட்டுட்டா ஒவ்வொரு சுத்துலயும் அடிப்பக்கம் தேங்கி நிக்கும், காத்துல உள்ள ஆக்சிஜன் சேர்ந்து அங்கங்க குழி விழும், அதுவும் ஒரு சுத்துக்கு ஒண்ணுன்னு சீரான இடைவெளியில. அந்தச் சின்னக் குழியிலதான் வளைவோட மொத்த பாரமும் கூடும், வெடிப்பு அங்கதான் ஆரம்பிக்கும், சாஃப்ட்வேர் கணக்குக்கு அந்தக் குழி தெரியாது. ஆசிட் வேலைக்குப் போன பைப்பா இருந்தா இன்னும் மோசம், 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல பாதுகாப்பு ரசாயனம் சரியா கலந்தாங்களா, முடிஞ்சதும் சலவைச் சோடா கலந்த தண்ணி ஓட்டி கழுவி, பந்து விட்டு நைட்ரஜன் அடிச்சு காய வச்சாங்களான்னு யாருக்குத் தெரியும்?

அதனால நான் கேக்குறது இதெல்லாம்தான்: ஃபேக்டரி சர்ட்டிஃபிகேட், ஒவ்வொரு வேலையோட ஆழமும் அழுத்தமும், குறுக்கு வெல்டு எங்கெங்க, ஆசிட் எத்தன தடவ, ஹைட்ரஜன் சல்ஃபைட் பட்டுச்சா, சும்மா கிடந்த மாசத்துல உள்ள என்ன இருந்துச்சு. இதுக்கு மேல காந்தப் புல முறையில முழு நீளத்தையும் ஸ்கேன் பண்ணி, விட்டமும் சுவரும் அளந்து பாருங்க, வளைஞ்சு ஓவலாயிருக்கான்னும் பாக்கணும், லேசா ஓவலானாக்கூட வெளி அழுத்தத்துல நசுங்குறது சீக்கிரமாயிடும். ஸ்கேன் செலவு வலிக்கும், ஆனா பைப் கிணத்துக்குள்ள முறிஞ்சு மாட்டுனா அத தேடி எடுக்குற செலவு ஸ்டிரிங் விலைய சாப்ட்டுடும், கிணத்த இழந்தாலும் இழக்கலாம்.

ஸ்கேன் நல்லா வந்து ரெக்கார்ட் இல்லன்னா என்ன பண்றது? ஸ்கேன் குழியக் காட்டும், தடிப்பக் காட்டும், வெடிப்பு பிறக்கிறதுக்கு முன்னாடி சேந்த சோர்வ காட்டாது. கிணத்து வேலைக்கு வேணாம். வளைக்காம ஒரே தடவ விரிச்சுப் போடுற, அழுத்தம் கம்மியான தண்ணி லைனுக்கு வேணும்னா, முனைங்கள்ல துண்டு வெட்டி உள்ள பாத்துட்டு, கிலோ விலைக்குப் பேசுங்க.